சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கை யார் கண்ணிலும் படுவதில்லை: என்ன செய்யலாம்?

செயலாளர்_டெல்டா (கேள்வி)

வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றின் கட்டடப் பொறியாளர் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். உறுப்பினர்கள் ஏறத்தாழ 600 பேர். எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். செயற்குழுக் கூட்ட அறிவிப்பு, சந்தா நினைவூட்டல், அரசாணை நகல் எல்லாவற்றையும் அதிலேதான் பகிர்கிறோம். ஆனால் பாதிப் பேர் குழுவை ஒலியடக்கி வைத்திருக்கிறார்கள்.

நேற்று இரவு ஓர் இளம் பொறியாளர், "1,200 சதுர அடி மனை, முன்புறம் 20 அடிச் சாலை, செட்பேக் எவ்வளவு விட வேண்டும்?" என்று, அதாவது கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம் பற்றிக் கேட்டிருந்தார். அதற்கு மேலே கோபுரப் படத்துடன் ஒரு காலை வணக்கம், கீழே எம்-சாண்ட் ஒரு யூனிட் என்ன விலை என்று ஒரு வியாபாரியின் விளம்பரம், அதற்கும் கீழே பிறந்தநாள் வாழ்த்துகள் வரிசையாக. விடிவதற்குள் கேள்வி எங்கோ மேலே போய்விட்டது. பதில் சொன்னவர் யாரும் இல்லை. சிலர் டெலிகிராமுக்கு மாறலாம் என்கிறார்கள், சிலர் ஃபேஸ்புக் குழு தொடங்கலாம் என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

கொங்கு_கட்டுமானம்

ஐயா, செயலியை மாற்றுவதற்கு முன்னால் அறிவிப்பையும் அரட்டையையும் பிரித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் 2022 இறுதியில் வந்த 'கம்யூனிட்டி' வசதி உங்களுக்குப் போதும். பல குழுக்களையும், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அறிவிப்புக் குழுவையும் ஒரே குடையின் கீழ் வைப்பது அது. இப்போதுள்ள குழுவை அப்படியே அதற்குள் இணைக்கலாம். அதில் இருப்பவர்கள் அனைவரும் அறிவிப்புக் குழுவில் தாமாகவே சேர்ந்துவிடுவார்கள், ஒவ்வொருவரையும் மறுபடி சேர்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டுமே பதிவிட முடியும் என்பதால், கூட்டத் தேதியும் சந்தாக் கடைசி நாளும் அங்கே தனியாக நிற்கும். அட்மின்கள் மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம். பொறுப்பாளர்கள் எல்லோரையும் அட்மினாக்கினால் அங்கேயும் கோபுரப் படம் வந்து சேரும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். அதிலும் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்.

மூத்த_பொறியாளர்

முந்தைய பதிலை வழிமொழிகிறேன். ஆனால் அறிவிப்பைப் பிரித்த பிறகு பேச்சுக்கான குழுக்களை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் காரியம் இருக்கிறது. பெரும்பாலான சங்கங்கள் சங்கத்தின் அமைப்பைப் பார்த்துத் தாலுகா வாரியாகப் பிரிக்கின்றன. பிறகு குழுவில் யாரும் வாய் திறப்பதில்லை என்று வருத்தப்படுகின்றன. ஒரே ஊரில் தொழில் செய்பவர்கள் ஒரே வாடிக்கையாளர்களுக்குப் போட்டியிடுபவர்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பக்கத்துத் தெருவில் அலுவலகம் வைத்திருப்பவர் பார்க்கும் இடத்தில் "எனக்கு இந்த விதி தெரியவில்லை" என்று எழுத எந்தப் பொறியாளருக்கும் மனம் வராது. கேட்பவர் கூச்சப்படுகிறார், பதில் தெரிந்தவரோ அதைக் கைக்குள் வைத்துக்கொள்கிறார்.

அதனால் பொருள் வாரியாகப் பிரியுங்கள். கட்டட அனுமதி தொடர்பாக ஒன்று, கட்டமைப்பு வடிவமைப்புக்கு ஒன்று, பொருள் விலைக்கும் விளம்பரத்துக்கும் ஒன்று, வாழ்த்துகளுக்கும் பொதுப் பேச்சுக்கும் ஒன்று. கடைசி இரண்டையும் அவசியம் வைத்திருங்கள். போக்கிடம் இல்லாவிட்டால் விளம்பரமும் வாழ்த்தும் மற்றக் குழுக்களுக்குள் நுழைந்துவிடும். மாவட்டம் முழுவதிலிருந்தும் விருப்பமுள்ளவர்கள் சேரும் குழுவில், இந்தக் கோடியில் இருப்பவர் கேட்கும் கேள்விக்கு அந்தக் கோடியில் இருப்பவர் தயங்காமல் பதில் சொல்வதை எங்கள் சங்கத்தில் பார்த்து வருகிறேன்.

அனுமதிக் குழுவுக்கு மட்டும் சிறிது கூடுதல் உழைப்பு தேவை. 2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில், அதாவது விண்ணப்பிப்பவரே உறுதியளிக்கும் முறையில், உடனடி அனுமதி வந்தபோது, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்து, முதலில் பொறுமையாகப் பதில் எழுதியவர்களே சலித்து ஒதுங்கினார்கள். இப்போது இரண்டு பேர் முறை வைத்து, வாரம் ஒரு முறை கேள்வியையும் ஒத்துக்கொள்ளப்பட்ட பதிலையும், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன் எந்த விதிப்படி என்ற குறிப்புடன், ஒரு கூகுள் ஆவணத்தில் சேர்க்கிறார்கள். அதன் இணைப்பு குழு விவரத்திலேயே இருக்கிறது. விதி எண் இல்லாத பதிலை ஆவணத்தில் ஏற்றுவதில்லை என்று கண்டிப்பாக வைத்திருக்கிறோம். "எங்க ஊர்ல இப்படித்தான் விடுறாங்க" என்ற பதில்கள் அதனால் தாமாகக் குறைந்தன.

நிரல்_பொறியாளர்

டெலிகிராமை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே குழுவுக்குள் தலைப்பு வாரியாக உரையாடலைப் பிரிக்கலாம். புதிதாகச் சேர்பவர் பழைய உரையாடலை முழுமையாகப் படிக்கும்படி வைக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒருவர் சேர்வதற்கு முன் நடந்த உரையாடல் அவருக்கு முழுமையாகக் கிடைக்காது. தேடும் வசதியும் டெலிகிராமில் மேல்.

மூத்த_பொறியாளர்

வசதிகள் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அறுபது வயதைக் கடந்த உறுப்பினர்கள் சங்கத்துக்காக இன்னொரு செயலியை நிறுவ மாட்டார்கள். நிறுவினாலும் திறந்து பார்க்க மாட்டார்கள். விதி அறிவு மிகுதியாக இருப்பது அவர்களிடம்தான். ஃபேஸ்புக் பக்கம் பொதுமக்களுக்குச் சங்கத்தை அறிமுகப்படுத்த உதவும், உறுப்பினர்களை இணைக்க உதவாது.

சட்டம்_அறிந்தவர்

இரண்டு குறிப்புகள். உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது என்றால், பொதுக்குழு அறிவிப்பைத் துணைவிதியில் சொல்லியிருக்கும் முறைப்படியே அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் செய்தி அதற்குக் கூடுதலாக இருக்கலாம். துணைவிதியில் இடமில்லாமல் அதை மட்டும் நம்பினால், பிற்பாடு யாராவது தீர்மானத்தையே எதிர்த்து வழக்குப் போட வழி பிறக்கும். நிர்வாகிகள் தேர்தலையும் குழுவில் உள்ள 'போல்' (Poll) என்ற வாக்கெடுப்பு வசதியில் நடத்தாதீர்கள். அங்கே பொதுவாக யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அட்மின் பொறுப்பேற்கப் பலர் அஞ்சுவதால் இதையும் சொல்கிறேன். 'கரூர் வழக்கறிஞர்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இட்ட பதிவுக்காக அட்மின் மீதும் வழக்குப் பதிவானது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மனுதாரர் அட்மினாக மட்டுமே இருந்தார், வேறு பங்கு இல்லை என்றால், விசாரணை முடிவில் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று காவல்துறைக்கு உத்தரவிட்டது. ஆனாலும் அவதூறான பதிவைக் கண்டால் அட்மின் உடனே நீக்கிவிடுவதே நல்லது. உறுப்பினர் இட்ட செய்தியை எல்லோருக்குமாக நீக்கும் வசதி 2022 முதல் அட்மினுக்கு இருக்கிறது.

செயலாளர்_டெல்டா

அனைவருக்கும் நன்றி. பொருள் வாரியான பிரிவை வரும் செயற்குழுவில் வைக்கிறேன். ஒரு சிக்கல் மட்டும் மீதம் இருக்கிறது. டைல்ஸ், பெயின்ட் வியாபாரிகள் எப்படியோ குழுவில் நுழைந்து, உறுப்பினர்களின் எண்களை எடுத்துத் தனித்தனியாக அழைக்கிறார்கள். சந்தா நிலுவையால் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர்களும் இன்னும் குழுவின் உள்ளே இருக்கிறார்கள்.

கொங்கு_கட்டுமானம்

முதலில் பழைய அழைப்பு இணைப்பை ரீசெட் செய்யுங்கள். அது எந்தெந்தக் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறதோ தெரியாது. பிறகு, அட்மின் ஒப்புதல் கொடுத்தால்தான் சேர முடியும் என்ற அமைப்பை இயக்கிவிட்டு, விண்ணப்பிப்பவரிடம் உறுப்பினர் எண்ணைக் கேட்டு, பதிவேட்டோடு ஒப்பிட்ட பின் அனுமதியுங்கள். அறிவிப்புக் குழுவில் ஓர் உறுப்பினரின் எண் அட்மின்களுக்கும் அதை ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும். உட்குழுக்களில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே வியாபாரிகளை விளம்பரக் குழுவில்கூடச் சேர்க்காமல், உறுப்பினர் ஒருவர் வழியாக விலைப்பட்டியலைப் பெற்றுப் போடச் சொல்லுங்கள். நீக்கப்பட்டவர்களை ஒவ்வொரு குழுவிலும் தேட வேண்டாம். கம்யூனிட்டியிலிருந்து நீக்கினால் அதன் உட்குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் அவர் வெளியேறிவிடுவார். நீக்குவதற்கு முன் பொருளாளரிடம் நிலுவைப் பட்டியலைக் கையெழுத்துடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.