4,700 கிலோ ஜிசாட்-என்2: ஸ்பேஸ்எக்ஸிடம் போனது சரியா?

பழவேற்காட்டான்:
2025 நவம்பர் 2 அன்று இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் 4,410 கிலோ சிஎம்எஸ்-03 தகவல்தொடர்பு செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏற்றிவிட்டது. எங்கள் ஊர்க் கரையில் நின்றால் முதலில் வெளிச்சம் தெரியும், சத்தம் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்து ஜன்னலை ஆட்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு ஒரு வருடம் முன்பு, 2024 நவம்பர் 19 நள்ளிரவில், நம் ஜிசாட்-என்2 தகவல்தொடர்பு செயற்கைக்கோள் அமெரிக்காவின் கேப் கனவரலிலிருந்து ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் போனது. எடை 4,700 கிலோ. வித்தியாசம் வெறும் 290 கிலோ! இதற்காக எலான் மஸ்க் வாசலில் கைகட்டி நிற்க வேண்டுமா? ஒரு வருடம் பொறுத்திருந்தால் நாமே ஏவியிருக்கலாமே.

கணக்குப்பிள்ளை:
கழித்தல் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள், ஆனால் எங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள் என்று பார்த்தீர்களா? இவை போய்ச் சேர வேண்டிய புவிநிலைச் சுற்றுப்பாதை, அதாவது செயற்கைக்கோள் பூமியில் ஒரே இடத்துக்கு மேலேயே நிற்பதுபோல் தெரியும் பாதை, 35,786 கிமீ உயரத்தில் இருக்கிறது. ராக்கெட் நேராக அங்கே கொண்டு விடாது, ஒரு நீள்வட்டப் பாதையில் விட்டுவிடும். அதன் ஒரு முனை தரைக்குப் பக்கத்தில், மறு முனை வழக்கமாக 36,000 கிமீ அருகில். சிஎம்எஸ்-03-க்கு அந்த மறு முனை 29,970 கிமீதான். எல்விஎம்3-இன் வழக்கமான திறன் 4,000 கிலோ, அதற்கு மேல் 410 கிலோ ஏற்ற உயரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போகிற பஸ் மாதிரி, மிச்சத் தூரத்தை செயற்கைக்கோள் தன் சொந்த எரிபொருளைச் செலவழித்துப் போக வேண்டும். அந்த எரிபொருள்தான் பின்னால் அதை வருடக்கணக்கில் தன் இடத்தில் நிறுத்தி வைக்கப்போவது. 4,700 கிலோ என்றால் இன்னும் தாழ்வாக இறக்கியிருப்பார்கள்.

பழவேற்காட்டான்:
எந்த செயற்கைக்கோள்தான் சொந்த எஞ்சினை எரிக்காமல் மேலே போகிறது? ஃபால்கன் விட்டதும் நீள்வட்டப் பாதையில்தான், அதற்குப் பிறகு கர்நாடகாவில் ஹாசனில் உள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து கட்டளை கொடுத்துத்தான் மேலே ஏற்றினார்கள். இன்னொன்று, கேப் கனவரல் இருப்பது 28.5 பாகை அட்சரேகையில், ஸ்ரீஹரிகோட்டா 13.7 பாகையில். நிலநடுக்கோட்டுக்கு நாம்தான் கிட்டே, அங்கே பூமி சுழலும் வேகமே ராக்கெட்டுக்குக் கூடுதல் தள்ளு கொடுக்கும். அந்த லாபத்தை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

கணக்குப்பிள்ளை:
லாபம் உண்டு, ஆனால் ராக்கெட்டில் தெம்பு இருந்தால்தான் அதை அனுபவிக்க முடியும். ஃபால்கன் 9 தன் முதல் கட்டத்தை, அதாவது முதலில் எரிந்து கழன்றுவிடும் அடிப்பகுதியை, திரும்ப இறக்கிக்கொண்டே ஐந்தரை டன் வரை ஏற்றும். ஜிசாட்-என்2-ஐ ஏவியபோதும் அந்தக் கட்டம் அட்லாண்டிக்கில் நின்ற மிதவையில் வந்து இறங்கியது.

மகேந்திரகிரி மைனர்:
இரண்டு பேரும் ராக்கெட்டையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், அந்த செயற்கைக்கோள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஜிசாட்-என்2 என்பது விண்வெளித் துறையின் வணிக நிறுவனமான என்சில் வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு செய்த வியாபாரம். இன்டர்நெட்டுக்கு ஏற்ற கேஏ அலைவரிசை, 48 ஜிபிபிஎஸ் கொள்ளளவு, தரையில் தனித்தனிப் பகுதிகளை நோக்கும் 32 கற்றைகள், அதில் 8 குறுங்கற்றைகள் வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும். விமானத்துக்குள் இன்டர்நெட் கொடுப்பதும் இதை வைத்துத்தான் திட்டம். வாங்கியவன் காத்திருக்கும்போது “எங்கள் ராக்கெட் வளரட்டும், பொறுங்கள்” என்று சொல்ல முடியுமா? அப்புறம், 2018 டிசம்பரில் 5,854 கிலோ ஜிசாட்-11 ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டில், தென் அமெரிக்காவில் உள்ள கூரு ஏவுதளத்திலிருந்து போனபோது யாரும் இவ்வளவு கத்தவில்லை. ஏரியன் 5 2023 ஜூலையில் ஓய்வு பெற்றது, ஏரியன் 6 முதல்முறை பறந்ததே 2024 ஜூலையில்தான். உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யப் பக்கமும் போக முடியாது. மிச்சம் யார்?

பழவேற்காட்டான்:
என் எரிச்சலே அதுதான். 1981-இல் இஸ்ரோவின் ஆப்பிள் (APPLE) செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றி ஆண்டெனா சோதனை செய்து, ஏரியனில் அனுப்பினோம். அன்றைக்கு வேறு வழி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நாற்பது வருடம் கழித்தும் கனமானது என்றால் வெளியே என்றால் எப்படி? உங்கள் மகேந்திரகிரி இஸ்ரோ சோதனை மையத்தில், கனமானதைத் தூக்குவதற்கான செமி-கிரையோஜெனிக் எஞ்சினின் (மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிப்பது) முக்கியப் பாகங்களை வைத்துச் செய்த எரியூட்டுச் சோதனை முதல்முறை ஜெயித்ததே 2025 மார்ச்சில். கனமானதை எல்லாம் வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தால் அந்த எஞ்சினுக்கு அவசரம் எங்கிருந்து வரும்?

மகேந்திரகிரி மைனர்:
அவசரப்பட்டால் எஞ்சின் வந்துவிடுமா? 1993-இல் அமெரிக்க நெருக்கடியால் ரஷ்யா கிரையோஜெனிக் (கடுங்குளிர் திரவ எரிபொருள்) எஞ்சின் தொழில்நுட்பம் தர முடியாது என்று கைவிரித்தது. அதைவிட அவசரம் வேறு என்ன வேண்டும்? சொந்த கிரையோ எஞ்சினோடு போன முதல் ஜிஎஸ்எல்வி ராக்கெட் 2010 ஏப்ரலில் கடலில் விழுந்தது, 2014 ஜனவரியில்தான் ஜெயித்தது. வயிற்றெரிச்சலில் எஞ்சின் எரியாது சார்.

பழவேற்காட்டான்:
சிஎம்எஸ்-03 கடற்படைக்கானது. அதை மட்டும் எப்படி உயரத்தைக் குறைத்தாவது இங்கிருந்தே ஏவினார்கள்? மனம் வைத்தால் வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கணக்குப்பிள்ளை:
கடற்படைக்கான ஜிசாட்-7 2013 ஆகஸ்டில் கூருவிலிருந்துதான் போனது. அது மூன்று டன்கூட இல்லை.

பழவேற்காட்டான்:
அப்படியென்றால் பன்னிரண்டு வருடத்தில் கடற்படைக்காரர்கள் உள்ளூர் ராக்கெட்டுக்கு வந்துவிட்டார்கள், வியாபாரம் செய்கிறவர்கள் மட்டும் வெளியே ஓடுகிறார்கள். என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
கடற்படைக்குப் பாதுகாப்பு முக்கியம், எரிபொருள் கொஞ்சம் போனால் பரவாயில்லை என்று முடிவெடுக்கலாம். கொள்ளளவை விற்கிறவனுக்கு ஆயுளில் ஒவ்வொரு வருடமும் காசு. 14 வருடம் ஓட வேண்டிய பொருளில் ஒரு வருடம் குறைந்தால் அதை யார் தலையில் கட்டுவது?

மகேந்திரகிரி மைனர்:
இப்போது நடுவில் இருக்கும் எல்110 திரவ எரிபொருள் கட்டத்தை எடுத்துவிட்டு செமி-கிரையோ கட்டத்தை வைத்தால் எல்விஎம்3 ஐந்து டன் தூக்கும் என்கிறார்கள். அது பறந்த பிறகும் 4,700 கிலோவை வெளியே அனுப்பினால் நானும் உங்களோடு சேர்ந்து கத்துகிறேன்.

பழவேற்காட்டான்:
தேதி சொல்லுங்கள், குறித்துவைத்துக்கொள்கிறேன்.