புதுப்பிப்பு: இதழியல் பட்டம் இல்லாமல் நிருபர் ஆக முடியுமா?

பொருளாதாரம் படித்த நான் இதழியல் பட்டம் இல்லாமல் நிருபர் வேலைக்குப் போகலாமா என்று நான்கு மாதம் முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் முதுகலை முடித்துவிட்டுப் போ என்றீர்கள், மீதிப் பேர் நேராகப் போய்க் கதவைத் தட்டு என்றீர்கள். தட்டினேன். ஒரு நாளிதழில் பயிற்சி நிருபராகச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது.

நேர்காணலில் சான்றிதழை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தீ விபத்துக் குறிப்பைக் கொடுத்து அரை மணி நேரத்தில் செய்தியாக்கச் சொன்னார்கள். நான் தீயணைப்பு வண்டி வந்த நேரத்தில் ஆரம்பித்து, இருவர் இறந்ததை நான்காம் பத்தியில் வைத்திருந்தேன். செய்தி ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மிக முக்கியமானதை முதலில் சொல்லும் 'தலைகீழ்ப் பிரமிடு' முறை என்று படித்தது அப்போதுதான் மண்டையில் ஏறியது. எப்படியோ எடுத்துக்கொண்டார்கள், பட்ஜெட் ஆவணம் படிக்கத் தெரிந்தது கைகொடுத்திருக்கும்.

அதற்காகப் படிப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். கூடச் சேர்ந்த இதழியல் பட்டதாரிக்கு அவதூறுச் சட்டம் முதல் நாளே தெரிந்திருந்தது. தீர்ப்பு வரும்முன் 'குற்றவாளி' என்று எழுதக் கூடாது, 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றுதான் எழுத வேண்டும் என்பதை நான் திட்டு வாங்கித்தான் கற்றேன்.

நிருபர் வேலைக்கு உரிமம் வேண்டுமா என்று கேட்டவருக்கு: பெரும்பாலான நாடுகளில் தேவையில்லை. ஆனால் இத்தாலியில் 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்திரிகையாளர் பதிவேடு உண்டு, தேர்வும் உண்டு.

அப்புறம், எழுதிய செய்திகளில் நாலைந்தையாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள். கல்லூரி இதழில் வந்த இரண்டுதான் என்னிடம் இருந்தன. அவற்றைத்தான் முதலில் கேட்டார்கள்.