சூப்பர்வைசரிலிருந்து பிராபர்ட்டி மேனேஜர் ஆக வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் டெக்னிக்கல் சூப்பர்வைசராக இருக்கிறேன். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவன். லிஃப்ட், ஜெனரேட்டர், பம்ப், எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) எல்லாம் என் பொறுப்பு. எஸ்டிபியில் காற்று ஊதும் புளோயர் நின்றுவிட்டால் காற்று இல்லாமல் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா செத்து, பிளாக் முழுக்க நாற்றம் கிளம்பிவிடும். அதனால் நடுராத்திரி போன் வந்தாலும் ஓடுவேன். இந்த வேலை எனக்கு மனசாரப் பிடித்திருக்கிறது, இதிலேயே மேலே வர ஆசை.

பிராபர்ட்டி மேனேஜர் வேலைக்கான நேர்காணலில் திணறுவது கணக்கில்தான். மாதப் பராமரிப்பு 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி எப்போது வரும், முழுத் தொகைக்குமா, தாண்டிய தொகைக்கு மட்டுமா என்று கேட்டார்கள். கார்ப்பஸ் நிதியை (வீட்டு உரிமையாளர்களிடம் வாங்கிச் சேர்த்து வைத்திருக்கும் நிதி) எதற்கெல்லாம் எடுக்கலாம், ஆண்டு பட்ஜெட்டை குடியிருப்போர் சங்கக் கமிட்டி முன் எப்படி வைப்பது என்றும் கேட்டார்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டதால் அதைப் பற்றியும் கேட்காமல் விடுவதில்லை.

இஃப்மா என்ற சர்வதேசக் கட்டட வசதி மேலாண்மைச் சங்கம் தரும் எஃப்எம்பி (கட்டட வசதி மேலாண்மை) சான்றிதழுக்குப் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். அதன் நான்கு பாடங்களில் ஒன்று நிதி. சொந்தக் காசு போட்டுப் படித்தவர்கள் இருந்தால், இங்கே வேலைக்கு அது உதவியதா என்று சொல்லுங்கள். இல்லை, முதலில் ஐடி பார்க் பக்கம் மாறி அனுபவம் சேர்ப்பது நல்லதா?

அப்புறம் இன்னொன்று. சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் யாராவது எஸ்டேட் மேனேஜராக இருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உங்களோடு உட்கார்ந்து பட்ஜெட் போடக் கற்றுக்கொள்கிறேன். சம்பளம் எதுவும் வேண்டாம். இன்பாக்ஸில் சொன்னால் போதும், வந்துவிடுகிறேன்.