சுழியோடும் காற்றுச் சிலிண்டருக்குள் ஈரம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை:
மார்கழியில் கொழும்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் மெதுஃபாரு கப்பல் சிதைவுக்குச் சுழியோடி இறங்கினோம். 25 மீற்றரில் அக்காவின் மகன் கழுத்தை அறுப்பதுபோல் கையை ஆட்டினான். அவனுடைய மானியில் 110 பார் அழுத்தம் நிற்கிறது, மூச்சு மட்டும் வரவில்லை. என்னுடைய மற்ற வாய்க்கருவியைக் கொடுத்து மெதுவாக மேலே கொண்டுவந்தேன். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரைக் கழற்றினால் அதன் நுழைவாயிலில் உள்ள சின்ன வடிகட்டி முழுக்கச் செங்கல் நிறம். ஸ்டீல் சிலிண்டரின் துரு. காலையில் வால்வைச் சற்றுத் திறந்தபோது வெள்ளையாக ஆவி பறந்ததைக் கண்டேன். கண்டும் மாட்டிக் கொடுத்தேன். அந்த வெள்ளை ஆவிதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கொட்டாஞ்சேனை:
காற்று நிரப்பும் இடம், பெயர் வேண்டாம். சூடு ஏறாமல் இருக்க சிலிண்டர்களைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தியிருந்தார்கள். பையன் ஈரக் கையோடு குழாயைப் பொருத்தினான். வால்வு வாயில் ஒரு துளி மின்னியது. “தம்பி, ஒருக்கா ஊதிப்போட்டுப் பூட்டுங்கோ” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் காற்று ஏறத் தொடங்கிவிட்டது.

தெஹிவளை:
துளியை விடுங்கள், காற்றை அழுத்தி நிரப்பும் கொம்பிரசரைப் பாருங்கள். ஒரு நாள் நிரப்புகிறவர் வடிகாலைத் திறக்க மறந்துவிட்டார். பிறகு திறந்தபோது பால் போல எண்ணெய் கலந்த தண்ணீர் கொட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 லீற்றர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 2,400 லீற்றர் காற்று வேண்டும். 30 பாகை வெப்பம், 80 வீத ஈரப்பதன் என்றால் அதில் 55 கிராமுக்கு மேல் தண்ணீர். அழுத்தும்போது பெரும்பகுதி, தண்ணீரைப் பிரித்தெடுக்கும் பிரிகலனில் இறங்கும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வடிக்காவிட்டால் வடிகட்டிக்குள் போய், ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூற்றுச் சல்லடையை நனைத்துவிடும். அப்புறம் வருவதெல்லாம் ஈரக் காற்றுதான். கொம்பிரசரிலிருந்து வரும் காற்றுக்கு ஐரோப்பிய நியமம் விடுவது கனமீற்றருக்கு 25 மில்லிகிராம் தண்ணீர் மட்டுமே. புழுக்கமான அறையில் கொம்பிரசர் ஓடினால் வடிகட்டியைச் சொன்ன மணிநேரத்துக்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை:
அண்ணா, துளியை ஏன் விட வேண்டும்? உங்கள் கணக்கிலேயே 2,400 லீற்றர், அதாவது 2.4 கனமீற்றர் என்றால், ஒரு சிலிண்டருக்கு விடுவது 60 மில்லிகிராம்தான். ஒரு துளியே 50 மில்லிகிராம் அளவில் வரும். கடல் நீரென்றால் உப்பும் சேர்த்து.

பம்பலப்பிட்டி:
நான் காற்றை முழுதாக முடித்துவிட்டு, வால்வையும் மூடாமல் படகில் போட்டேன். அடுத்த பரிசோதனையில் வால்வைக் கழற்றிக் கவிழ்த்ததும் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஓடியது, இரும்பு வாடையோடு. இப்போது 20 பாருக்குக் கீழே இறக்குவதே இல்லை. துரு ஒட்சிசனையும் தின்னும். ஈரம் பட்ட ஸ்டீல் சிலிண்டரை மாதக்கணக்கில் வைத்திருந்தால் அந்தக் காற்றைச் சுவாசிக்கவே வேண்டாம்.

வெள்ளவத்தை:
எங்களுடையதை உருட்டிக் கழுவி, நன்னீரில் அலசி, உடனே கவிழ்த்துச் சூடான உலர்காற்று ஊதினோம். விளக்கு விட்டுப் பார்த்தால் அடியில் குழிகள். நீரழுத்தச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். தேறாவிட்டால் அறுத்துவிடச் சொல்லிவிட்டேன்.