ஜவ்வாது மலையில் ஒரு ராத்திரி, 10×50 பைனாகுலர்: எதை எப்போ பார்க்கணும்?

கேள்வி
பிப்ரவரி நடுவுல அமாவாசை அன்னைக்கு ஜவ்வாது மலையில கூடாரம் போடுறோம். நாங்க புதுசு, டெலஸ்கோப் கிடையாது, 10×50 பைனாகுலர்தான் (10 மடங்கு பெரிதாக்கும், லென்ஸ் 50 மி.மீ. அகலம்). போன தடவை சாயங்காலம் முழுக்கத் தேடியும் பால்வீதி தெரியல. பைனாகுலர்ல நட்சத்திரம் ஆடிக்கிட்டே இருந்துச்சு, கொஞ்ச நேரத்துல லென்ஸ்ல பனி படிஞ்சிடுச்சு. எங்க தப்பு?

பதில் 1
பால்வீதி விஷயத்தில் தப்பு நேரத்தில்தான். பிப்ரவரியில் முன்னிரவு வானத்தில் இருப்பது அதன் மங்கலான பக்கம். பிரகாசமான மையப்பகுதி, தனுசு ராசிப் பக்கம், விடியற்காலை 3 மணிவாக்கில் தென்கிழக்கில் எழும்பும். 4 மணியிலிருந்து 5.15 வரை பாருங்க. போட்டோ நிறம் வராது. மங்கிய ஒளியில் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, சாம்பல் புகை மாதிரிதான் இருக்கும்.

கண் இருட்டுக்குப் பழக 20–30 நிமிஷம் ஆகும். நடுவில் யாராவது செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச் முகப்பில் சிவப்பு கண்ணாடித்தாளை நாலு மடிப்பா வெச்சு ரப்பர் பேண்ட் போடுங்க. தீ மூட்டினா அன்னைக்குப் பார்வை போச்சுன்னு வெச்சுக்கோங்க.

பதில் 2
ஆட்டத்துக்கு: பாயில் மல்லாந்து படுத்து, தலைக்குப் பை வெச்சு, முழங்கைகளை நெஞ்சோடு ஒட்டிப் பிடிங்க. 10 மடங்கு பெரிதாக்கும்போது கை நடுக்கமும் 10 மடங்கு.

பனி: திறந்த வானத்தை நோக்கியே இருக்கும் லென்ஸ் சுற்றியுள்ள காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதில் ஈரம் படியும். கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி, லென்ஸ் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் குழாயா மாட்டுங்க. பார்க்காத நேரம் மூடி போட்டுக் கவிழ்த்து வைங்க. துண்டால் துடைக்கவே கூடாது, பூச்சு கீறிடும்.

பதில் 3
ராத்திரி 8 மணிக்கு வேட்டைக்காரன் (ஓரியன்) நட்சத்திரக் கூட்டம் கிட்டத்தட்ட உச்சியில். வரிசையா நிற்கும் மூணு நட்சத்திரத்துக்குக் கீழே தொங்குற மங்கல் திட்டை நேரா முறைக்காம, கொஞ்சம் ஓரமா பாருங்க, நெபுலா (வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம்) விரியும். 9 மணிக்குத் தெற்கே, அடிவானத்திலிருந்து நீட்டின கையில் இரண்டரை முஷ்டி உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம் (கேனோபஸ்).

ஆனா உண்மையான விருந்து 4 மணிக்கு: அதே தெற்கில் மூணு முஷ்டி உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. பஞ்சு உருண்டை மாதிரி தெரியும். லண்டனில் இது அடிவானத்தைத் தாண்டாது, நமக்கு நல்லாவே எழும்பும். தவற விடாதீங்க!

கேட்டவர்
ரொம்ப நன்றி. தேதி ரெண்டு நாள் தள்ளிப் போனா?

பதில் 1
பிந்தினா பரவாயில்லை. பிறை இருட்டி ரெண்டு மணி நேரத்துக்குள் மறைஞ்சிடும். முந்தினாத்தான் தொல்லை, தேய்பிறை நிலா விடியற்காலையில் வந்து நிற்கும்.