2003 எம்எக்ஸ்-5 1.8 ஸ்போர்ட், "நல்லா வெச்சிருந்த வண்டி": நேர்ல பார்க்கும்போது எதைப் பார்க்கணும்?

இருசீட்டு:

லெஸ்டர் பக்கம் ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 விற்பனைக்கு வந்திருக்கு. இரண்டாம் தலைமுறை, அதாவது என்பி. 2003 பதிவு, 1.8 ஸ்போர்ட், ஆறு கியர், 61,000 மைல். கராஜுக்குள்ளேயே நின்ன வண்டி, சர்வீஸ் புத்தகம் முழுக்க முத்திரை, போன வாரம்தான் எம்ஓடி (பிரிட்டன்ல வருஷாவருஷம் நடக்கற வண்டிச் சோதனை) பாஸ். கேட்கும் விலை 4,200 பவுண்டு.

படத்துல பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா அடிப்பக்கத்துக்கு ஒரு படம்கூட இல்ல. கேட்டதுக்கு "கீழே புதுசா கறுப்பு அண்டர்சீல் அடிச்சிருக்கு, கவலையே வேண்டாம்"னு விக்கறவர்கிட்டயிருந்து பதில் வந்தது. அண்டர்சீல்னா துருப்பிடிக்காம இருக்க அடிப்பக்கத்துல அடிக்கற பூச்சு. சனிக்கிழமை நேர்ல போறேன். துரு எங்கெங்க பார்க்கணும், எஞ்சின்ல எதைக் கேட்கணும்? வீடு லண்டன் ஹாரோவில், அதனால யூலெஸ் கட்டணம் (புகை அதிகமா விடற வண்டிக்கு நாள்கணக்குல வாங்கறது) வருமான்னும் தெரியணும்.

துருவேட்டை:

"புதுசா அண்டர்சீல்"னு அவர் சொன்னதுதான் நீங்க முதல்ல சந்தேகப்பட வேண்டிய விஷயம். இந்த வண்டியை எஞ்சின் கைவிடறது அபூர்வம், துருதான் தின்னுடும். அதுவும் உள்ளேயிருந்து வெளியே வர்ற துரு. மேல தெரியறப்போ உள்ளே பாதி போயிருக்கும். பெயின்ட் பளபளப்பை வெச்சு இதுல ஒண்ணுமே சொல்ல முடியாது.

மழைத்தண்ணி போற வழி தெரிஞ்சா துரு இருக்கற இடமும் தெரிஞ்சுடும். துணிக்கூரையோட பின்விளிம்புக்கு அடியில, உள்பக்கமா, ஒரு பிளாஸ்டிக் தகடு வாய்க்கால் மாதிரி வளைஞ்சு ஓடும். கூரையில விழற மழை அதுல இறங்கி, ரெண்டு சீட்டுக்கும் பின்னால சீட் பெல்ட் தூண் ஓரத்துல இருக்கற துளைக்குப் போகும். அங்கிருந்து குழாய் வழியா, பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால, வண்டிக்கு அடியில கொட்டணும். இலைச்சருகும் தூசியும் சேர்ந்து அந்தத் துளை அடைச்சா தண்ணி தேங்கி வழிஞ்சு சில்லுக்குள்ள இறங்கும். கதவுக்குக் கீழே நீளமா ஓடற இரும்புப் பெட்டியைத்தான் இங்கே சில்னு சொல்றாங்க. அதோட பின்முனை, சக்கரத்துக்கு முன்னால இருக்கற கடைசி 20, 30 சென்டிமீட்டர், முதல்ல அரிக்கும்.

ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போங்க. கூரையோட தாழைக் கழற்றிப் பாதி தூக்கினா அந்தத் துளை கண்ணுக்குத் தெரியும். பக்கத்துக்கு அரை லிட்டர் மெதுவா ஊத்துங்க. ஊத்தற வேகத்துல தெளிவா கீழே கொட்டினா நல்லது. தேங்கி நின்னு, அப்புறம் பழுப்பு நிறத்துல சொட்டினா அந்தப் பக்க சில்லுக்குள்ள வேலை ஆரம்பிச்சு நாளாச்சுன்னு அர்த்தம். தண்ணியே வரலைன்னா அண்டர்சீல் அடிச்சவர் குழாயோட வாயையும் சேர்த்து மூடியிருக்கலாம்.

சீட்டுக்குப் பின்னால கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில இருக்கற பஞ்சைக் கையால அழுத்துங்க. மேல காஞ்சிருந்தாலும் பஞ்சு ஈரத்தை வாரக்கணக்குல பிடிச்சு வெச்சிருக்கும்.

அடுத்தது காந்தம். ஃப்ரிட்ஜ்ல ஒட்டற லேசான காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி, சில்லோட அடியிலயும் பின்சக்கர வளைவோட உதட்டுலயும் நகர்த்துங்க. பிடி தளர்ற இடத்துல, துருவை மறைக்கப் பூசின பட்டி (ஃபில்லர்) இருக்கு. பானெட்ல ஒட்டலைன்னா பதறாதீங்க, அது அலுமினியம். எடையைக் குறைக்கறதுக்காக ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான் போடறாங்க.

என்பிக்குன்னே ஒரு நோய் உண்டு: முன் சேசிஸ் ரெயில். எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் முன்னால நீளற பெட்டிக் கம்பி. முதல் தலைமுறையை விட இதுல உள்ளே கூடுதல் தகடு வெச்சு பலப்படுத்தியிருக்காங்க. அந்தத் தகடுகளுக்கு இடையில ஈரம் மாட்டிக்கிட்டு வெளியே வர வழியில்லாம அரிக்குது. அந்த இடத்தை எஞ்சினுக்கு அடியில இருக்கற பிளாஸ்டிக் தட்டு மறைச்சுடும். எம்ஓடி சோதனையில எதையும் கழற்றிப் பார்க்க அனுமதி கிடையாது. அதனால போன வாரம் பாஸ் ஆனது ரெயில் நல்லா இருக்குங்கறதுக்குச் சாட்சி ஆகாது. தட்டைக் கழற்றி, ஆன்டி-ரோல் பார் (திருப்பத்துல வண்டி சாயாம பிடிக்கற கம்பி) மாட்டியிருக்கற இடத்துல இருந்து பின்னோக்கி ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிக்கிட்டே வாங்க. நல்ல இரும்பு "டங்"குன்னு கேட்கும். போன இரும்பு அட்டையைத் தட்டின மாதிரி மொத்தையா கேட்கும். ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் தட்டுங்க, துரு ஆரம்பிக்கறது அங்கதான்.

ஜாக்கி வைக்கற விளிம்பையும் பாருங்க. சில்லுக்கு அடியில ரெண்டு தகடு சேர்ற மடிப்பு அது. டிராலி ஜாக்கியை அதுல நேரா வெச்சா மடிப்பு நசுங்கி சீலன்ட் விரியும், துருவுக்கு அது கதவு திறந்த மாதிரி. முன்னால குறுக்குச் சட்டம், பின்னால டிஃப்ரன்ஷியல், இந்த ரெண்டுலதான் டிராலி ஜாக்கி வைக்கணும். கியர்பாக்ஸையும் டிஃப்ரன்ஷியலையும் இணைக்கற நீளமான அலுமினியச் சட்டத்துல மறந்தும் வைக்காதீங்க.

பதினாலு_ஸ்பேனர்:

துருவை அவர் சொல்லிட்டார். எஞ்சின் பக்கம் நான் சொல்றேன்.

டைமிங் பெல்ட் மாத்த வேண்டியது 60,000 மைல்ல. வண்டி 61,000-ல விற்பனைக்கு வருது. முத்திரை எண்ணிக்கையை விடுங்க, பெல்ட் மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க. பில் இல்லைன்னா அது இருபது வருஷத்துக்கு மேல ஆன ரப்பர்னு வெச்சுக்கிட்டு விலை பேசுங்க. மாத்தும்போது டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், ரெண்டு கேம் சீல், கிராங்க் முன் சீல், கேம் கவர் கேஸ்கெட் எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்திடணும். பிரிக்கற கூலிதான் அதிகம், பாகங்கள் விலை கம்மி.

போய்ச் சேர்ந்ததும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா முன்னாடியே ஓட்டி வெச்சிருக்கார். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் பண்ணணும். "எம்எக்ஸ்-5ன்னாலே டிக் டிக் சத்தம் இருக்கும், ஆயில் மாத்தினா போயிடும்"னு சொல்வாங்க. அது ஹைட்ராலிக் லிஃப்டர் (வால்வைத் தள்ளற, ஆயில் அழுத்தத்துல தானா இடைவெளியைச் சரிக்கட்டற பாகம்) இருந்த பழைய என்ஏவுக்கு, அதாவது முதல் தலைமுறைக்குப் பொருந்தும். என்பி 1.8-ல ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யற மெல்லிய தகடு) வெச்ச சாலிட் லிஃப்டர். இதுல தொடர்ந்து டிக் டிக் கேட்டா வால்வு இடைவெளியை அளந்து பார்க்கணும்.

டாஷ்போர்டுல ஆயில் பிரஷர் முள் நடுவுல நிக்கறதைக் காட்டி "பாருங்க, எவ்வளவு ஸ்டெடி"ன்னா நம்பாதீங்க. 1995-க்கு அப்புறம் வந்த வண்டியில அந்த முள்ளுக்குப் பின்னால இருக்கறது வெறும் ஸ்விட்ச். அழுத்தம் ஓரளவு இருந்தாலே முள் நடுவுக்கு வந்து நின்னுக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்து அளவையும் நிறத்தையும் பாருங்க, நிஜம் அங்க இருக்கு.

எஞ்சினுக்குப் பின்னால, கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல ஆயில் ஈரம் இருந்தா உடனே பின் கிராங்க் சீல்னு முடிவு கட்டாதீங்க. பெரும்பாலும் கேம் கவர் கேஸ்கெட் பின்மூலையில கசிஞ்சு கீழே வழிஞ்சிருக்கும். விரலை மேல வெச்சுத் தடவினா தெரிஞ்சுடும். ஒண்ணு அரைநாள் வேலை, இன்னொண்ணு கியர்பாக்ஸையே இறக்கற வேலை.

ரேடியேட்டர் மேல்தொட்டி பிளாஸ்டிக். கறுப்பா இருக்க வேண்டியது பழுப்புப் பச்சையா வெளுத்திருந்தா விரிசல் விடப் போகுது, மாத்திடறது நல்லது.

க்ளட்ச் மிதி பஞ்சு மாதிரி இருந்து, முதல் கியரும் ரிவர்ஸும் கரகரத்தா கியர்பாக்ஸ் பக்கவாட்டுல இருக்கற ஸ்லேவ் சிலிண்டரை (மிதியோட அழுத்தத்தைத் திரவம் வழியா வாங்கி க்ளட்ச்சைத் தள்ளற பாகம்) பாருங்க. ரப்பர் உறையை விரலால விலக்கினா உள்ளே திரவம் தேங்கியிருக்கும். பாகம் மலிவு, மாத்தறதும் சுலபம். குளிர்ல ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கறது சகஜம், சூடானதும் சரியாகணும். சரியாகலைன்னா கியர் வழுவழுன்னு விழ உதவற சிங்க்ரோ வளையம் தேய்ஞ்சிருக்கு.

பின்பிரேக்ல கவனம் வேணும். காலிபரோட (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கற பாகம்) ஸ்லைடு பின் இறுகிக்கறது இந்த வண்டியோட வழக்கமான கோளாறு. பத்து மைல் ஓட்டிட்டு நிறுத்தி, ரெண்டு பின்சக்கரத்துலயும் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் கொதிச்சா அந்தப் பக்கம் இறுகியிருக்கு. டிஸ்க்கோட ஒரு முகம் மினுங்கி இன்னொரு முகம் துருப்பிடிச்சிருந்தாலும் இதே கதைதான். ஸ்போர்ட்ல டிஸ்க் பெரிசு, முன்னால 270 மில்லிமீட்டர், பின்னால 276. சாதா மாடலுக்கான 255 மில்லிமீட்டர் டிஸ்க்கை ஆர்டர் பண்ணிட்டு அப்புறம் தலையில கை வெக்காதீங்க.

கடைசியா, சக்கரத்தோட கோணத்தைத் திருத்தற அலைன்மென்ட் போல்ட். நாலு சக்கரத்துலயும் கீழ் விஷ்போனை (சக்கரத்தைத் தாங்கற கவை மாதிரியான கை) பிடிச்சிருக்கற நீள போல்ட் புஷ்ஷுக்குள்ள துருவேறி ஒட்டிக்கும். ஒட்டிடுச்சுன்னா அலைன்மென்ட் திருத்தவே முடியாது, வெட்டித்தான் எடுக்கணும். சமீபத்துல அலைன்மென்ட் பண்ணின அச்சுத்தாள் இருந்தா கேளுங்க. அதுல திருத்தறதுக்கு முன்னாடி எண்ணும் திருத்தினதுக்கு அப்புறம் எண்ணும் வேற வேறயா இருந்தா போல்ட் சுழலுதுன்னு அர்த்தம். எடை கம்மியான வண்டி இது, ஓட்டற சுகமே ஸ்டியரிங்தான். அலைன்மென்ட் தப்பா இருந்தா அந்த சுகமே போயிடும்.

லூட்டன்_ஓரம்:

தம்பி, போறதுக்கு முதல் நம்பர் பிளேட்டை வைச்சு அரசாங்கத்தின்ர எம்ஓடி வரலாற்றைப் பாருங்கோ. காசில்லை. வருசாவருசம் மைல் எவ்வளவு ஏறியிருக்கு, என்ன அட்வைசரி (ஃபெயில் ஆக்காமல் எழுதிற எச்சரிக்கை) குடுத்திருக்கினம் எண்டு எல்லாம் கிடக்கும். மூண்டு நாலு வருசமாத் துரு எண்டு எழுதிக்கொண்டு வந்து, இந்த முறை மட்டும் ஒண்டும் இல்லாமல் பாஸ் எண்டால், இடையில நடந்த வெல்டிங்கின்ர பில்லையும் படத்தையும் கேளுங்கோ. வெல்டிங் செய்தது குற்றம் இல்லை. மறைக்கிறதுதான் குற்றம்.

வருசத்துக்கு நூறு மைலும் ஓடாமல் நிண்ட காலம் இருந்தால் அதையும் குறிச்சு வையுங்கோ. நிண்ட வாகனத்திலதான் காலிபர் இறுகும், ரயரில வெடிப்பு விழும். ரயரின்ர பக்கத்தில கடைசி நாலு இலக்கம் பாருங்கோ: 2314 எண்டால் 2014ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. றோட்டில படுற கட்டை தேயாமல் நல்லா இருந்தாலும் ரப்பர் காய்ஞ்சு போயிருக்கும். மழை றோட்டில பின்பக்கம் வழுக்கும்.

யூலெஸ் விசயம்: 2023 ஓகஸ்ட் 29இல இருந்து லண்டனின்ர எல்லா பறோவும் (நகரப் பிரிவும்) எல்லைக்குள்ள. ஹாரோவும்தான். பொருந்தாத வாகனத்துக்கு ஓடுற நாளுக்கு 12.50 பவுண்டு. பெற்றோல் எண்டால் யூரோ 4 புகைத் தரம் வேணும். 2003 வாகனம் எண்டவுடன கைவிட்டுடாதேங்கோ. கன என்பி வாகனங்களின்ர நைட்ரஜன் ஒக்சைட் அளவு கிலோமீற்றருக்கு 0.08 கிராமுக்குள்ள இருக்கிறதால பொருந்தும். டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து நிறுவனம்) தளத்தில அந்த நம்பரையே அடிச்சுப் பாருங்கோ, ஒரே மாடலிலயும் வாகனத்துக்கு வாகனம் மாறும். வி5சியில (வாகனப் பதிவுப் பத்திரம்) அந்த அளவு எழுதியிருக்கிறதையும் பாருங்கோ. கடன் நிலுவை இருக்கோ எண்டு காசு கட்டிப் பாக்கிற சோதனையையும் செய்யுங்கோ.

இருசீட்டு:

போய்ப் பார்த்துட்டு வந்தேன். யூலெஸ் பொருந்துது. இடதுபக்கத் தண்ணி சுத்தமா கொட்டிச்சு. வலதுபக்கம் ஒரு நிமிஷம் தேங்கி நின்னு, அப்புறம் பழுப்பா சொட்டுச்சு. அந்தப் பக்க சில்லோட பின்முனையில ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் சரியா ஒட்டல. பெல்ட் பில் இல்லை. எஞ்சின், க்ளட்ச், பிரேக் எல்லாம் அருமை. அடித்தட்டைக் கழற்றப் பார்த்தேன், ரெண்டு போல்ட் சும்மா சுத்திக்கிட்டே இருந்துச்சு, வரல. இடுக்கு வழியா டார்ச் அடிச்சதுல வலது ரெயில்ல அண்டர்சீல் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு உப்பியிருக்கறது தெரிஞ்சது. 3,200-க்கு இறங்கி வர்றார். எடுக்கலாமா?

துருவேட்டை:

தட்டைக் கழற்றாம எந்த விலைக்கும் எடுக்காதீங்க. சில் ஒரு பக்கம் போனது பரவாயில்லை. உள்தகடு, வெளித்தகடு ரெண்டையும் வெட்டி எடுத்துட்டு புதுசு வெச்சு வெல்ட் பண்ணலாம், பல நூறு பவுண்டு ஆகும், ஆனா தெரிஞ்ச வேலை. ரெயில் அப்படி இல்ல. சஸ்பென்ஷன் பிடிமானத்துல இருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள அரிப்பு முத்தினா எம்ஓடி ஃபெயில். ரெயிலை வெட்டி ஒட்டறப்போ அளவு பிசகினா சக்கரத்தோட கோணமும் போயிடும். உப்பின அண்டர்சீலுக்கு அடியில நல்ல இரும்பு இருக்கறது ரொம்ப அரிது.

அவர் ஊர்லயே லிஃப்ட் இருக்கற கராஜ் ஒண்ணுல, உங்க செலவுல, ஒரு மணி நேரம் கேளுங்க. சுத்தற போல்ட்டை வெட்டித் தட்டை இறக்கி, அந்த உப்பலை ஸ்கிரேப்பரால சுரண்டச் சொல்லுங்க. மேல்பரப்பு மட்டும் செம்பழுப்பா இருந்து அடியில இரும்பு கெட்டியா இருந்தா, சில்லையும் பெல்ட்டையும் கணக்குல கழிச்சு 2,800 சொல்லுங்க. ஸ்கிரேப்பர் உள்ளே இறங்கினாலோ தகடு ஏடு ஏடா உரிஞ்சாலோ நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. லிஃப்ட்டுக்கே அவர் சம்மதிக்கலைன்னாலும் அதேதான்.

எடுத்தீங்கன்னா வீட்டுக்கு வந்த அன்னிக்கே வலதுபக்க வடிகாலைத் திறந்துடுங்க. புல்வெட்டி மெஷின்ல போடற நைலான் கயிறை ஒரு மீட்டர் வெட்டி, நுனியை நெருப்புல காட்டி உருட்டி மழுக்கிட்டு, மேலேயிருந்து மெதுவா சுழற்றி விடுங்க. இரும்புக் கம்பி விட்டா குழாய் கிழியும், காத்தழுத்தம் விட்டா குழாய் இணைப்புல இருந்து கழண்டுடும், அப்புறம் ஊத்தற தண்ணியெல்லாம் சில்லுக்குத்தான் போகும். வெல்டிங் முடிஞ்சு ரெண்டு நாள் நல்லா காயவிட்டு, சில்லுக்கும் ரெயிலுக்கும் உள்ளே நீளக்குழாய் வெச்சு காவிட்டி வாக்ஸ் (உள்ளே துருப்பிடிக்காம இருக்க அடிக்கற மெழுகு) அடிச்சு, கீழ்மடிப்புல வாக்ஸ் கசிஞ்சு வெளியே வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. அப்புறம் திரும்பவும் அரை லிட்டர் ஊத்தி வடிகாலைப் பாருங்க, வாக்ஸ் அதோட வாயை அடைச்சிருக்கலாம்.