இன்னிக்கு எப்படிக் கூப்பிடறது?

செய்யாறு பக்கம் எங்கள் ஊர். மாமா கட்டைக்கூத்தில் பெண் வேஷம் கட்டுவார். துகில் உரிதல் அன்று திரௌபதியாக அவர் வந்து நின்றால் கிழவிகள்கூட எழுந்து கும்பிடுவார்கள். விடிந்ததும் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, லுங்கியோடு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். ஊருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

எனக்கு வேஷமே தேவைப்படவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்தே சில நாள் பையனாக எழுந்திருப்பேன், சில நாள் பொண்ணாக. சில சமயம் வாரக்கணக்கில் ஒன்றாகவே இருக்கும். கல்லூரிக்கு வளையல் போட்டுப் போனபோது நண்பன் அக்கறையாகத்தான் கேட்டான்: "திருநங்கையா மாறப் போறியாடா?" இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு?" பதில் தெரியவில்லை. இப்படிப் பாலினம் மாறி மாறி வருவதற்கு 'ஜெண்டர் ஃப்ளூயிட்' என்ற சொல் கிடைத்ததே இருபத்து நாலு வயதில்தான்.

மாமாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "கொண்டை முடிச்சதும் எனக்கு நடையே மாறிடும்டா. உனக்குக் கொண்டையே வேணாம் போல" என்றார்.

*

உங்கள் மாமாவைப் பற்றிப் படித்ததும் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழா நினைவு வந்தது. நான் செவிலியர். சித்திரைப் பௌர்ணமிக்கு மருத்துவ முகாமுக்காகப் போயிருந்தேன். திருநங்கைகள் மட்டும்தான் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வார்கள் என்று எண்ணியிருந்தேன். வேண்டுதலுக்காக ஆண்கள் சிலரும் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது நேர்த்திக்கடன், உங்களுடையது வேறு. ஆனால் பேன்ட் சட்டையும் தாலியுமாக ஒருவர் காலில் கட்டுப்போட வந்தார். "உங்களை எப்படிக் கூப்பிடறது?" என்று தயங்கிக் கேட்டேன். "இன்னிக்கு அக்கான்னு கூப்பிடுங்க சிஸ்டர். நாளைக்கு வந்தா மறுபடியும் கேளுங்க." அன்றிலிருந்து யாரிடமும் அதைக் கேட்க நான் தயங்குவதில்லை.

*

கோவையிலிருந்து ஒரு அம்மா எழுதுகிறேன். என் பிள்ளைக்கு 19 வயது. அறுவை சிகிச்சை இல்லாமலேயே அவரவர் பாலினத்தை அவரவரே சொல்லலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களுக்குப் பெரிய தெம்பு. ஆனாலும் கல்லூரி விண்ணப்பத்தில் ஏதாவது ஒரு கட்டத்தில்தான் டிக் அடிக்க முடிந்தது. அன்றைக்கு முழுக்கப் பிள்ளை சாப்பிடவில்லை.

வீட்டில் வழி காட்டியது என் மாமியார். 'வாடா'வா 'வாடி'யா என்று நாங்கள் தடுமாறியபோது, "கண்ணுன்னு கூப்பிட்டா ஆகாதா? பிள்ளை வந்துச்சு, பிள்ளை சாப்பிட்டுச்சுன்னுதானே பேசுறோம்" என்றார். இத்தனை வருஷம் நாவிலேயே இருந்த சொல், எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும் 'டா' இன்னும் வாயில் வந்துவிடுகிறது. பாதியில் நிறுத்தி, "கண்ணு" என்று மறுபடி கூப்பிடுகிறார்.